சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தம்பி குடியிருந்தார். ஓசூர் சிப்காட்டில் இன்ஜினியர். ஒட்ட வெட்டிய தலை, நடையை எண்ணும் வாட்ச். நிறைவான வாழ்க்கை வேண்டும் என்று வாரத்தைப் பங்கு போட்டிருந்தார். காலையில் உடம்பு, சாயங்காலம் படிப்பு, சனிக்கிழமை குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சாமி. நான் தினமும் விளக்கேற்றுவதைப் பார்த்து, "உங்களுக்குக் குறிக்கோள்னு ஒண்ணும் இல்லையாண்ணா?" என்று கேட்டவர் அவர்.

ஒருநாள் பாரூரிலிருந்து அவருடைய அப்பா வந்தார். ஊரில் மாரியம்மன் பண்டிகை. மகனுக்கு வேலை கிடைத்தால் அவனே தீச்சட்டி எடுப்பான் என்று வேண்டிக்கொண்ட அம்மா, அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்.

வாசலில் நின்றே பேசினார்கள்.

"செவ்வாய்க்கிழமையாப்பா? அன்னிக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்குது. ஆன்மிகத்துக்கு ஞாயித்துக்கிழமதான் ஒதுக்கியிருக்கேன். பண்டிகைய மாத்த முடியாதா?"

"ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன் சாமி," என்றார் பெரியவர். நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறப் போனார். மாரியாத்தாளும் இனிமேல் இவரிடம் நேரம் கேட்டுத்தான் ஊர்வலம் வரவேண்டும் போல என்று எனக்கு வயிறு எரிந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை, ஓடிவிட்டு வந்த தம்பி போனை என்னிடம் நீட்டினார். வீடியோவில் பெரியவர் மஞ்சள் வேட்டியோடு தீச்சட்டி ஏந்தி நடந்தார்.

"அப்பாவே எடுத்துட்டாருண்ணா. இந்த வயசுல என்னா ஃபிட்னஸ் பாருங்க."

அந்தக் கைகளில் சட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு திட்டம் போடத் தெரிந்த மனிதருக்கு அது எப்படிக் கண்ணில் படவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.