முப்பதடி ரோட்டில் ஒரு மண்வெட்டி

விராலிமலையைத் தாண்டியதும் எங்கள் பஸ் பஞ்சராகிறது. சாலையோரம் புதிதாக ஒரு மனைப்பிரிவு. அலங்கார வளைவில் 'பசுமை அவென்யூ' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைத் தவிர உள்ளே பச்சையாக எதுவும் இல்லை. மஞ்சள் அடித்த கற்களுக்கு நடுவே, கிராவல் கொட்டி உருட்டிய முப்பதடி ரோட்டை ஒரு அம்மாள் மண்வெட்டியால் குறுக்கே வெட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளைச் சட்டையும் தொப்பையுமாக நான் வந்து நிற்பதைப் பார்த்து நிமிர்கிறார்.

"பிளாட் பாக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, பஸ் பஞ்சர்."

"அப்ப அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கிற எடந்தான் வாரி. கம்மாய்க்குத் தண்ணி இதுலதான் வரணும். நாத்து நடுற பருவமாயிருச்சு, கம்மா காஞ்சு கெடக்கு."

மேற்கே வானம் கறுத்திருக்கிறது. வளைவை ஒட்டிய ஷெட்டிலிருந்து மனை விற்கிற புரோக்கர் ஓடி வருகிறார்.

"ஆத்தா, அது அப்ரூவ்டு ரோடு!"

"அப்ரூவ் பண்ணவனையே மழைகிட்டயும் வந்து சொல்லச் சொல்லு" என்றபடி அவர் அடுத்த வெட்டைப் போடுகிறார்.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தண்ணீர் போகும் வழியில் கல் நட்டு விற்கிற ஆளை நாலு கேள்வி கேட்க வாயைத் திறக்கிறேன். புரோக்கர் முந்திக்கொள்கிறார்.

"சாருக்கு வீடு எங்க?"

சென்னைப் புறநகரில், 'லேக் வியூ' என்று பெயர் போட்ட மனைப்பிரிவில், முப்பதடி ரோட்டில். அங்கே ஏரி எதையும் நான் பார்த்ததில்லை. மழைக்கு மழை ஹாலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரும். வழி தவறி வந்துவிட்டது என்று பதினைந்து வருஷமாக அதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.