உரக்கடை மாடியில் இங்கிலீஷ்

பேசக் கற்றுக்கொள்ள என்று வருகிறவர்களைப் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பவர்களை வேறு எங்கும் பார்க்க முடியாது. பாபநாசத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் ஆறு வருஷமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். "யாராவது ஒரு வார்த்தை பேசுங்க" என்று பதினைந்து பேர் முன்னால் நின்று கெஞ்சிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேற்கொண்டு படியுங்கள். நாம் ஒரே கட்சி.

சம்பந்திக்கு ஒரு போன்

கோவிந்தராஜ் குத்தகை நிலத்தில் விவசாயம் பார்ப்பவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஒடிசாக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதில் இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். சம்பந்தியோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மருமகளுக்கு வளைகாப்பு. "பையனை விட்டுக் கூப்பிடச் சொன்னா மரியாதையா இருக்காதும்மா. நானே கூப்பிடணும். அதுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார்.

நாலே வாக்கியம்தான். இரண்டு வாரம் வயலில் நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாராம். ஒரு சாயங்காலம் வகுப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நாலு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாக, "ரெய்ன்?" என்றது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெய்ன் நோ. ரிவர் வாட்டர் கம்." அங்கே மழை அதிகமாகி நெல் சாய்ந்துவிட்டது என்பதை அவர் எப்படிச் சொன்னாரோ, இவருக்கு எப்படிப் புரிந்ததோ, கால் மணி நேரம் பேசினார்கள். நான் சொல்லிக் கொடுத்த இலக்கணம் எதுவும் அதில் இல்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அவருக்கும் எனக்குத் தெரிஞ்ச அளவுதாம்மா இங்கிலீஷ். நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

ஐந்து நிமிடம்

ஆரோக்கியமேரி பதினான்கு வருஷமாக நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான பேச்சுத் தேர்வில் ஒரு முறை தோற்றுவிட்டு என்னிடம் வந்தார். தேர்வில் ஒரு காட்சி கொடுப்பார்கள்; ஐந்து நிமிடம் நடித்துப் பேச வேண்டும். நான் நோயாளியின் மனைவி. கணவனின் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் எனக்குச் சொல்ல வேண்டும்.

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆனாலும் நானும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுதாரித்துக்கொண்டு, "இப்படி இருந்தா மார்க் வராது. இடைவெளி விடாம பேசணும்" என்றேன். ஒரு மாதம் அதையே பழக்கினேன். அடுத்த தேர்வில் தேறிவிட்டார். வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு டப்பா அதிரசத்தோடு வந்தவரிடம், அந்தக் காட்சி எப்படிப் போனது என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரியே விடாம பேசினேன் மேடம். வார்டுல அப்படிப் பேசியிருந்தா அந்தம்மா எழுந்து போயிருப்பாங்க."

என் முறை

திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை நேர்காணலுக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியை இங்கிலீஷில் கேட்டார். மாதம் முப்பது தடவை நான் மற்றவர்களைக் கேட்கும் கேள்வி அது. மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொன்னேன். அடுத்த வாக்கியத்திலும் பெயரையே சொன்னேன். அந்தம்மா கனிவானவர். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்காமலே சொன்னார்:

"பரவாயில்ல, பதட்டப்படாதீங்க. பாபநாசத்துல உரக்கடை மாடியில ஒரு க்ளாஸ் நடக்குதாம், ஒரு மாசம் போய்ப் பாருங்க."

மறுத்துச் சொல்வது

ஒரு பாடம் உண்டு: கேட்டவர் மனம் கோணாமல் மறுப்பது. சினிமாவுக்குக் கூப்பிடுவார்கள், வண்டி இரவல் கேட்பார்கள். முடியாது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் நன்றாக ஆரம்பித்து, கடைசியில் "ஓகே, ஐ வில் கம்" என்று முடிப்பார்கள். நித்யா மட்டும் மூன்று தடவையும் ஒழுங்காக மறுத்தாள். வகுப்பு முடிந்ததும் நின்றாள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இரண்டு வருஷம் அவகாசம் கேட்க வேண்டும். வாக்கியம் அவளிடமே இருந்தது. "இதை அழாம சொல்றது எப்படி மேடம்?" என்றுதான் கேட்டாள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு விடு என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் அவள் அப்பா மாடி ஏறி வந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. இன்றைக்கு நமக்கு நல்ல பூஜை என்று நினைத்துக்கொண்டேன். அவர் உட்காரவில்லை.

"கல்யாணப் பேச்சு எடுத்தா அவ அழுவா, நான் கத்துவேன். தினமும் இதுதான். நேத்து எதிர்ல நின்னு இங்கிலீஷ்ல சொன்னா. அழலை. எனக்கும் கத்தத் தோணலை. என்னம்மா சொன்னா?"

தமிழில் சொன்னேன். வேலையைப் பற்றியும் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய், கீழே உர மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துத் தரகரிடம், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் சென்னைக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான். ஆனால் அன்றைக்குப் படியில் இறங்கியவர், பாதியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம்னுதானே சொன்னா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மூணு இல்லையே?"

இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் வந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு இரண்டு மொழியிலும் பேச்சை மாற்றத் தெரியும்.