கிருஷ்ணமணியின் இடது சிறுநீரகம்

கருங்கல் ஊரில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் கிருஷ்ணமணி, தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று உறுதியாக நம்பும் மனிதர். இடுப்பின் இடதுபக்கம் வலி தொடங்கியபோதும் யாரையும் கேட்கவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தார். பிறகு, சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு தினமும் பீர் குடித்தார். மருந்து என்பதால் மனைவி லீலாபாய் திட்டக்கூடாதாம். கல் கரையவில்லை. இஞ்சிக் கிழங்குபோலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டது.

காய்ச்சலில் நடுங்கிய பிறகுதான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். காய்ச்சல் அடங்கியதும் அங்கிருந்த டாக்டர், சேர்ந்த அன்று எடுத்த வயிற்று ஸ்கேனை ஒரு நோட்டம் விட்டு, மறுநாளே முதுகில் துளைபோட்டு எடுத்துவிடலாம் என்றார். கிருஷ்ணமணிக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. அவசரக்காரனுக்கு அவசரக்காரன்தான் கெட்டிக்காரன்.

துளைபோடும் வழியில் வேறு என்னென்ன இருக்கும் என்று லீலாபாய் கேட்டாள். அதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா என்று டாக்டர் சிரித்தார். கிருஷ்ணமணியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்னொரு படம் எடுத்துப் பார்க்க நாகர்கோவில் போகிற வழியெல்லாம் அவர் முறுமுறுத்தார்.

"எத்தன குழி போட்டிருக்கேன், ஏதாவது ஒண்ணுக்கு படம் எடுத்தேனா?"

"அதுல பாதி வறண்டுதான கெடக்கு," என்றாள் லீலாபாய்.

நாகர்கோவிலில் சிறுநீரக மருத்துவர் ஜெனிலா சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைத் திரையில் போட்டு, நெடுநேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் பின்னால் கருப்பாகத் தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது பெருங்குடல். நெறய பேருக்கு முன்பக்கமா கெடக்கும், ஒங்களுக்கு பின்னால கெடக்கு. வழக்கம்போல கீழ வழியா குத்தினா குடல தொளச்சிட்டுதான் கல்ல தொட முடியும்."

மேலே போனால் நுரையீரல் உறை. அதனால் கடைசி விலா எலும்புக்குக் கீழே, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய வழி ஒன்றை அவர் அளந்து குறித்துக்கொண்டார். சிறுநீரில் கிருமி அடங்கும்வரை கத்தி எடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கிருஷ்ணமணி வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாள்முதல் அவர் இத்தனை நேரம் பேசாமல் இருந்து லீலாபாய் பார்த்ததில்லை.

அறுவை சிகிச்சை குறித்த வழியிலேயே நடந்தது. கல்லை உடைத்து எடுத்தார்கள். குடலுக்கும் நுரையீரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிறுநீர் வடிய முதுகில் செருகியிருந்த குழாயை எடுப்பதற்கு முன்பே மனிதருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், முதல் ஆஸ்பத்திரியில் கால் வைத்ததுமே தனக்குச் சந்தேகம் தட்டியதாகவும், தானே முடிவெடுத்து நாகர்கோவிலுக்கு வந்ததாகவும் சொன்னார். அண்ணன் ரத்தினத்திடம் அதையே இன்னும் நீட்டி முழக்கினார்.

லீலாபாய் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு கொடல் எங்க கெடந்துதுன்னு ஒண்ணு காட்டுங்க."

கிருஷ்ணமணி தொப்புளுக்குப் பக்கத்தில் கைவைத்துக் காட்டினார்.