நலம் விசாரிக்கக் கூடாது

நாற்பத்து மூன்று வயதில், நியூசிலாந்தில் மருத்துவமனை நிர்வாகமும் மருத்துவ உதவியும் படிக்கப் போன நான், முதல் தேர்விலேயே கோட்டை விட்டேன். ரத்த அழுத்தம் பார்ப்பதில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை. பேச்சில்.

வகுப்பின் முன்னால் ஒரு மேசையைப் போட்டு என்னை வரவேற்பாளராக உட்கார வைத்தார்கள். எங்கள் ஆசிரியை நோயாளியாக நடித்து, லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே வந்து நின்றார். நான் என்ன மரமா? "அடடா, எத்தனை நாளா இந்த இருமல்? மூச்சு வாங்குதா? கஷாயம் ஏதாவது குடிச்சீங்களா? காலையில சாப்பிட்டீங்களா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுத் தீர்த்தேன். வரிசையில் நின்ற மற்ற மாணவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆசிரியை இருமலை நிறுத்திவிட்டு, ஒரே நிமிடத்தில் நான்கு விதிகளை மீறிவிட்டீர்கள் என்று சிரித்தபடியே சொன்னார். பெயரும் பிறந்த தேதியும் கேட்கலாமாம், அதுவும் அடுத்தவர் காதில் விழாத குரலில். சாப்பிட்டீர்களா என்று கேட்பது எந்த ஊரில் குற்றம் என்று கேட்டேன். ஆக்லாந்தில் என்றார்.

மறுதேர்வில் வாயைக் கட்டிக்கொண்டு பாஸ் செய்தேன். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிளினிக்கில் ஆறு வாரப் பயிற்சி கிடைத்தது. அனுப்பும்போது ஆசிரியை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: நோயாளியை வெளியே பார்த்தால் நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களே எடுத்தால் பேசலாம், ஒரு புகார் வந்தாலும் பயிற்சி போய்விடும். நாற்பது பேர் வகுப்பில் என்னை மட்டும் ஏன் கூப்பிட வேண்டும்? எனக்கு வந்த கோபத்துக்கு, இனி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சபதம் எடுத்தேன்.

இரண்டாவது வாரம் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. பக்குரங்காவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரைக்காரி. சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பள்ளி முடியும்வரை அவர் காரிலேயே உட்கார்ந்திருப்போம். அவர் கதைப்பார், நான் பேசுவேன். யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். பத்து வருடமாக இப்படி ஒட்டி உறவாடுபவரிடம், குரலைத் தாழ்த்தி, "உங்க பெயர் சொல்லுங்க" என்றேன்.

"உமக்கென்ன விசரா?" என்றார் அக்கா. அவர் ஊரில் பைத்தியமா என்று அர்த்தம்.

பிறந்த தேதியையும் கேட்டு, உட்காரச் சொன்னேன்.

அன்று மதியம் அக்காவுக்காக டாக்டர் எழுதிய கடிதத்தை மருத்துவமனைக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் தலைப்பைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது? மார்பில் கட்டி, அவசரம் என்று இருந்தது. அனுப்பினேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் காரில் ஏறினேன். அக்கா வழக்கத்துக்கு மாறாக ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். என் மகள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொல்வதைப் பற்றிப் பேசினேன்.

"எனக்கு இப்ப ராவில நித்திரையே வாறேல்லை," என்றார் அக்கா. "ஒரு பக்கம் திரும்பிப் படுக்கவும் ஏலாமல் கிடக்கு."

"தலையணையை மாத்துங்கக்கா. மால்ல தள்ளுபடி போட்டிருக்கான்," என்றேன் நான்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்கடுத்த சனிக்கிழமை அவர் காரில் எனக்கு இடமில்லை. தலைவலி என்று பிள்ளைகளை விட்டதும் வீட்டுக்குப் போய்விட்டார். தலைவலியைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

அதற்கும் அடுத்த வாரம் என் எவர்சில்வர் டப்பா எங்கள் வாசலில் இருந்தது. எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்த டப்பா. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பத்து வருடத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு டப்பாகூட வெறுமனே திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். இது சண்டைக்கு இழுப்பதுதான், வேறென்ன?

"கழுவியாவது வச்சிருக்காங்களே," என்றார் என் கணவர்.

அவரை முறைத்துவிட்டு, டப்பாவும் கையுமாக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஏங்க்கா, இப்படித்தான் வெறும் டப்பாவை வாசல்ல வச்சிட்டுப் போவீங்களா? நான் அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?"

அக்கா டப்பாவை வாங்கவில்லை. "நீர் ஒரு சொல்லுக் கேட்டனீரா? எல்லாம் உமக்குத் தெரியும்தானே. கட்டியில ஊசி குத்தின அண்டைக்கு அந்த நோவோடை பஸ்ஸில வந்தனான். நீர் ஒருக்காக் கேப்பீர், சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர் எனக்குத் தலையணை விக்கிறீர்!"

"நான் கேட்கக்கூடாதுக்கா. அது சட்டம்."

"ஊருக்குச் சொல்லாதை எண்டதுதானப்பா சட்டம். என்னட்டைக் கேக்காதை எண்டு ஆர் சொன்னது?"

ஆசிரியை மேல் பழியைப் போட வழியில்லை. நோயாளி பேச்சை எடுத்தால் பேசலாம் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். நம் ஆட்கள் எப்படிப் பேச்சை எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தூக்கம் வரவில்லை என்பார்கள், பிறகு நம் வாயைப் பார்ப்பார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் பயிற்சி போய்விடுமே என்று பயந்து பேச்சை மாற்றினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பரிசோதனை முடிவு சொல்கிறார்கள் என்றார் அக்கா. அவர் கணவரை நான் அண்ணன் என்பேன். அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவரிட்டச் சொன்னா அவர் மயங்கி விழுவார். பிறகு ரெண்டு பேரையும் நான்தான் பாக்கவேணும்."

கிளினிக்குக்கு போன் போட்டு லீவு கேட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாம் முதல் தடவையே பாஸ் செய்தவர்கள்.

மருத்துவமனையில் உள்ளே கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். "நீர் இரும். உம்மைக் கூட்டிக்கொண்டு போனா டொக்டரைக் கதைக்க விடமாட்டீர்," என்று சொல்லிவிட்டு அக்கா மட்டும் போனார். கதவு சாத்திக்கொண்டது. அந்த இருபது நிமிடத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. நின்றேன், உட்கார்ந்தேன், வேண்டாத தண்ணீரைப் பிடிக்க ஹாலின் மறுகோடிக்குப் போனேன். அப்போது பார்த்துத்தான் கதவு திறந்தது. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா! என்ன சொன்னாங்க?" என்று அங்கிருந்தே கத்தினேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"ஒண்டுமில்லையாம்! வெறும் கொழுப்புக் கட்டியாம்!" அவரும் அங்கிருந்தே கத்தினார்.

"அப்பாடி! நல்லவேளைம்மா," என்றது ஒரு குரல். நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தோம். மூலையில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா, கையில் மருத்துவமனைக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். கடிதம் நாலாக மடிந்து கசங்கியிருந்தது.

எனக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போய்விட்டார்.

"உங்களுக்கு எத்தினை மணிக்கு அம்மா?"

"பத்தரைக்கும்மா."

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆகியிருந்தது. அக்கா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாங்கள் இருக்கிறம்," என்றார்.

நான் தண்ணீரைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுபக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.