ஷிப்டுக்குப் போனவர்

போன வருஷம் சிவராத்திரி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. கோலார் தங்கவயலில், பாலகாட் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில்.

எனக்கு வேலை பெங்களூரில். மெட்ரோ ரயிலுக்காகப் பூமிக்கடியில் தோண்டுகிற இடத்தில் மண் வாருவது. தினமும் ரயிலில் போய் வருவேன். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ள சீனாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். போனில் அவர் பாஷையில் பேசுவார், போன் அதைத் தமிழில் சொல்லும். நாங்கள் சொல்வதை அவருக்குச் சொல்லும். ஒரு தடவை டீ குடிக்கும்போது எங்கள் ஊரைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அதிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். எனக்கு இஷ்டமில்லை. கடைசியில் அழைத்து வந்தேன்.

இஷ்டமில்லாததற்குக் காரணம் அம்மா. எனக்கு நாலு வயசில் அப்பா மைன்ஸுக்கு வேலைக்குப் போனார். கீழே பாறை வெடித்து வழி மூடிக்கொண்டது. உடம்பை எடுக்க முடியவில்லை. அப்பா செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஷிப்டுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். மைன்ஸை மூடி, ஆட்கள் கீழே இறங்குகிற ஷாஃப்டில் தண்ணீர் நிரம்பிய பிறகும் அம்மா ராத்திரியில் கதவுக்குத் தாழ் போட்டதில்லை. வந்தால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று. திருட்டுப் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அதனால் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மெக்கானிக் ஏதாவது கேட்டுவைப்பாரோ என்று பயம். சாப்பாடு போட்டு, ராபர்ட்சன்பேட்டை பஜாரைக் காட்டி, சாயந்திர ரயிலில் ஏற்றிவிட நினைத்திருந்தேன். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“உங்க ஊரு எந்தப் பக்கம் நைனா?”

ஆன்யாங் என்றார். போன் சொன்னது: “எங்கள் வயல்களுக்கு அடியில் மூவாயிரம் ஆண்டுப் பழைய தலைநகரம் இருக்கிறது.” அந்தக் காலத்தில் மாட்டெலும்பிலும் ஆமை ஓட்டிலும் எழுதி வைத்தார்களாம். அது தெரியாமல் பின்னால் வந்த ஜனங்கள் மருந்து என்று அரைத்துக் குடித்தார்களாம்.

“எழுத்தை அரைச்சிக் குடிச்சாங்களா? இவனுக்கும் கொஞ்சம் குடுத்திருந்தா நாலு எழுத்து ஏறியிருக்கும்” என்றார் அம்மா. போன் அதை எப்படிச் சொன்னதோ, அவர் என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு போனில் படம் காட்டினார். பெரிய பெரிய குழிகள். உள்ளே மனுஷ எலும்புகள். காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். போன் சத்தமாகக் கேட்டது: “மூத்த சகோதரரே, உங்கள் தந்தையின் எலும்புகள் எடுக்கப்பட்டுவிட்டனவா?”

போனைப் பிடுங்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“எடுக்கல நைனா. கீழதான் கீறாரு.”

அப்பா கீழே இருக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் அம்மா வாயில் வந்ததில்லை. அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவுங்கெல்லாம் யாரு?”

“அரசர்களுக்காகப் பலியிடப்பட்டவர்கள். பெயர்கள் தெரியாது.”

“யாரு எடுத்தது?”

“என் தந்தையும் எடுத்தார். தூரிகையால் மண்ணைத் தள்ளினார்.”

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மூவாயிரம் வருஷம் கழிச்சி எடுத்துக்கீறாங்க. அப்போ நம்பளுக்கு இன்னும் நேரம் கீது” என்றார். எழுந்து செருப்பை மாட்டினார். “ஷாஃப்டாண்ட போலாம் வா.”

வெயில் கொளுத்தியது. ஷாஃப்டை அடைத்துப் போட்டிருந்த வேலியைச் சுற்றிப் புல் காய்ந்து கிடந்தது. வாட்ச்மேன் வந்துவிடுவானோ என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அந்த மனுஷன் மூன்று சிகரெட்டைப் பற்றவைத்து வேலியோரம் மண்ணில் செருகிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம். “புல்லு பத்திக்கும்யா” என்று காலால் தேய்த்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னாடா பண்ற?” என்றார் அம்மா. “ஊதுவத்தி மாதிரி நட்டு வெச்சிக்கீறான். கும்புடறது கூடத் தெரியலியா உனக்கு?”

அப்புறம்தான் மெக்கானிக் போனை எடுத்துப் பேசினார். அவர்கள் வீட்டுக்குக் கிணறு வெட்டும்போது ஒரு எலும்புக்கூடு கிடைத்ததாம். கையில் ஊதுபத்தி இல்லை. அவர் அப்பா மூன்று சிகரெட்டை ஏற்றி வைத்தாராம். போன் முடித்தது: “அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் அவருக்கு மேலேதான் குடியிருந்தோம்.”

நான் உட்கார்ந்து கையாலேயே புல்லைப் பிடுங்கி இடம் பண்ணினேன். அவர் மறுபடி மூன்று ஏற்றினார். அது அணைகிற வரைக்கும் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வேலிக்குள் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

“இருய்யா அங்கியே. மேல நாங்க கீறோம்.”

அன்றைக்குப் படுக்கும்போது அம்மா கதவுக்குத் தாழ் போட்டார். துரு ஏறிக் கிடந்தது. கல்லால் தட்டித்தான் போட முடிந்தது.

மெக்கானிக் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார். நிம்மதி போனது எனக்குத்தான். பெங்களூரில் கீழே இறங்கி மண்ணை வாருகிறபோது ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் கை நிற்கிறது, யாருடைய அப்பா மேல் நின்றுகொண்டிருக்கிறேனோ என்று.