அவர் முதுகுக்கு வைத்த காற்று

எங்கள் வீட்டில் காற்றுக்காகச் சண்டை நடந்த காலம் ஒன்று உண்டு. மின்விசிறிக் காற்று இல்லை, கார் இருக்கைக்குள் அடைத்த காற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு ஜப்பான் கார் வாங்கினார். அந்த ஊரில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி இங்கே வந்து இறங்கிய ரீகண்டிஷன் கார். அவருக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் ஃபெடரல் ஹைவே வழியாகப் போய்வர வேண்டும். நெரிசலில் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போய்விட்டது என்று புலம்பித்தான் அந்தக் காரை வாங்கினார்.

அதன் ஓட்டுநர் இருக்கைதான் அவருக்குப் பெருமை. சாயும் பகுதியில், தோலுறைக்கு அடியில், இடுப்புக்கு நேராக ஒரு ரப்பர் பை இருந்தது. விலாவை அணைத்துப் பிடிக்க இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு பைகள். கைப்பிரேக்குக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், ஒன்று இடுப்புக்கு, ஒன்று விலாவுக்கு. மேல்புறம் அழுத்தினால் இருக்கைக்கு அடியில் இருக்கும் குட்டி மோட்டார் உறுமிக் காற்றை ஏற்றும். கீழ்ப்புறம் அழுத்தினால் ஸ்ஸ் என்று காற்று இறங்கும். பொத்தான்களில் இருந்தது ஜப்பான் எழுத்து. எது எதற்கு என்று அழுத்திப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

காலையில் கேட்டைத் திறப்பது என் வேலை. நான் கேட்டுச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே உட்கார்ந்து காற்று ஏற்றுவார். ங்ங் என்று கொஞ்ச நேரம் கேட்கும், நின்றுவிடும். திருப்தியாக ஒரு செருமல். பிறகுதான் வண்டி கிளம்பும். "முதுகுக்கு ஒரு வேலைக்காரன் வெச்சுக்கிட்டீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். "சம்பளம் கேக்காத வேலைக்காரன் லா" என்பார்.

சனிக்கிழமைகளில் வண்டி எனக்கு. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவேன், அப்படியே செராஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கும் போய் வருவேன். அவர் ஆறடி, நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். அவர் ஏற்றி வைத்த காற்றோடு உட்கார்ந்தால் அந்தப் பை என்னை முன்னால் பிடித்துத் தள்ளும். அதனால் ஏறியதும் முதல் காரியமாகக் காற்றை இறக்கிவிடுவேன். திங்கட்கிழமை காலையில் போர் மூளும்.

"யாரு என் சீட்டுக் காத்த எறக்குனது?"

"திருடன் வந்து எறக்கிட்டுப் போனான். நான்தான் எறக்கினேன். உங்க காத்தோட ஓட்டுனா நான் ஸ்டீரிங்ல போய் ஒட்டிக்கணும்."

"ஓட்டி முடிச்சிட்டு திரும்ப ஏத்தி வெக்க வேண்டியதுதானே?"

"உங்க அளவு எனக்கு எப்படித் தெரியும்? அது உங்க முதுகு."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அவருக்கு அது பழகியிருந்தது. என் வாயை அடைக்க முடியாது என்று தெரிந்தும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது என்று நினைக்கிறேன். அந்தச் சண்டைகளை நான் ரசித்தேன். அவரும் ரசித்தார்.

அந்த நாட்களில்தான் அவர் தொப்பையைக் குறைக்க நான் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். தேநீரில் சீனி கிடையாது, குழம்பில் தேங்காய்ப்பால் கிடையாது, ராத்திரியில் சோறு கிடையாது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். தொப்பை இறங்கியது. இடைவாரில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் "அண்ணன் எளச்சு நல்லா ஆயிட்டாரே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சமையல் கட்டுப்பாடு என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தார். வருடா வருடம் எடுப்பதுதான். அந்த வருடம் படியேறிப் போய் வந்தவர், கீழே இறங்கும்போது கைப்பிடிச் சுவரை விடவே இல்லை. அன்றிலிருந்து இடுப்பு வலி. படி ஏறியதால் வந்தது, போய்விடும் என்றார். நானும் அதையே சொன்னேன். சீனர் மருந்துக்கடையில் வாங்கிய கோயோக் பிளாஸ்திரியை ராத்திரியில் அவர் இடுப்பில் ஒட்டுவேன், காலையில் உரிப்பேன். வீட்டிலும் காரிலும் கற்பூரமும் மெந்தாலும் கலந்த அந்த வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மோட்டார் சத்தம் நீள ஆரம்பித்தது.

கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பேன். ங்ங் என்ற சத்தம் நிற்காது. நின்றதும் செருமல் வராது. திரும்பவும் ங்ங். ஒருநாள் நான் சங்கிலியைக் கழற்றி, செருப்பைச் சரிசெய்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இரண்டு வார்த்தை பேசியும் முடித்துவிட்டேன். அப்போதும் அந்த மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"நீ தினமும் காத்த எறக்குற" என்றார்.

"சனிக்கெழமதான் நான் வண்டியத் தொடுறேன்."

"அப்ப காத்து எங்க போவுது? ஏத்துறேன், கிள்ளான் போய்ச் சேர்றதுக்குள்ள முதுகுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. பள்ளமா இருக்கு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி உங்கள் காற்றைத் தொடவே மாட்டேன், செத்தாலும் தொடமாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே வண்டியை எடுக்கவில்லை. பாசாருக்கு மினி பஸ்ஸில் போனேன். கையில் காய்கறிக் கூடையோடு நெரிசலில் தொங்கிக்கொண்டு, இப்போது யார்மேல் பழி போடுகிறார் பார்ப்போம் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டே போனேன்.

அவர் பழி போடவில்லை. ஆனால் காற்று இறங்குவதாகச் சொல்வது மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலையில், பை முழுக்க நிரம்பி, மோட்டார் டக் என்று தானாகவே நின்றது. அதற்கு மேல் அதில் ஏற்ற முடியாது. அவர் பொத்தானை விடவில்லை. கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். மோட்டார் சத்தமே இல்லை, அவர் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார்.

இருக்கையில் கோளாறா, அவர் உடம்பில் கோளாறா? அந்தக் கேள்வி அன்று முதல் என்னோடு சமையலறையில் நின்றது, படுக்கையில் புரண்டது. அவர் இருக்கையில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். வலி மாத்திரையை முழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு பந்தயம் வைத்தார்.

"சீட்ட செக் பண்ணுவோம். ஓட்ட இருந்தா நீ வாய மூடிக்கணும். ஓட்ட இல்லன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன். சரியா?"

சரி என்றேன். அந்த இரவே சாமி படத்துக்கு முன்னால் நின்று, அந்தப் பையில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

பண்டமாரானில் அவருக்குத் தெரிந்த குஷன் கடை ஒன்று இருந்தது. லோரிக்கும் காருக்கும் இருக்கை தைக்கும் கடை. காரை வாங்கிய புதிதில் இருக்கை உறையைத் தைத்துக் கொடுத்ததும் அந்தக் கடைக்காரர்தான். விஷயத்தைச் சொன்னதும் இருக்கையைக் கழற்றி, உறையைப் பிரித்து, மூன்று பைகளையும் வெளியே எடுத்தார். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சைக்கிள் டியூபைத் தட்டையாக வெட்டி ஒட்டிய மாதிரி கறுப்பு ரப்பர். இதற்காகவா இத்தனை பாடு என்று தோன்றியது.

காற்று நிரப்பி, ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். டயர் கடையில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். நான் தொட்டியின் ஓரத்தில் குனிந்து நின்றேன். பையைத் திருப்பித் திருப்பி அமுக்கினார். ஒரு குமிழியாவது வராதா என்று தண்ணீரையே பார்த்தேன். ரப்பரின்மேல் ஒட்டியிருந்த சிறு குமிழி ஒன்று கிளம்பி மேலே வந்தது. என் உயிரே வந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் அந்த இடத்தை விரலால் தேய்த்துவிட்டு மறுபடி அமுக்கினார். அப்புறம் எதுவும் வரவில்லை.

குழாய்களுக்கும் இணைப்புகளுக்கும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். பெரிய பையின்மேல் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வைத்து, "டீ குடிச்சிட்டு வாங்க அண்ணே" என்றார். எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். என் கணவர் தேநீரில் சீனி போடச் சொன்னார். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோது மூட்டை வைத்த இடத்தில் வைத்த உயரத்திலேயே இருந்தது.

"பேக் ஓகே அண்ணே. டியூபும் ஓகே. காத்து எங்கயும் போகல" என்றார் கடைக்காரர்.

"நல்லாப் பாருங்க பாஸ். தினமும் எறங்குது."

கடைக்காரர் இருக்கையை மாட்டிக் கொடுத்தார். என் கணவரை உட்காரச் சொல்லி, இடுப்புக்கும் விலாவுக்கும் முழுக் காற்றையும் ஏற்றினார். மோட்டார் டக் என்று நின்றது. "அக்கா, எங்க பள்ளமா இருக்குன்னு நீங்களே கை வெச்சுப் பாருங்க" என்றார்.

கதவுப் பக்கமாகக் குனிந்து, அவர் விலாவுக்கும் பைக்கும் நடுவில் கையை விட்டேன். கார் வாங்கிய புதிதில் அந்தப் பைகள் அவரைக் கவ்விப் பிடித்து, இறங்கும்போது சட்டை கசங்கும். இப்போது என் கை மணிக்கட்டு வரைக்கும் தடையில்லாமல் உள்ளே போனது. சட்டைக்கு அடியில் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட முடிந்தது. தினமும் பிளாஸ்திரி ஒட்டிய கைதான். இருட்டில் ஒட்டியதாலோ, தொப்பை கரைந்த சந்தோஷத்தாலோ, அதற்குத் தெரியாமல் போய்விட்டது. கையை வெளியே எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

கடைக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு, "அண்ணே அப்ப கொஞ்சம் பெரிய ஆளா இருந்தீங்க" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "சரி. பந்தயம் நீ ஜெயிச்சிட்ட" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னை உடைத்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். சரியாக இடுப்புக்கு நேரே, அந்தப் பை தாங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே. எலும்பு அரித்துப்போயிருக்கிறது, நோய் வேறு எங்கோ தொடங்கி அங்கே வந்திருக்கிறது என்றார். எப்போதிலிருந்து எடை குறைகிறது என்று கேட்டார். "சீனியைக் குறைச்சோம் டாக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதைவிட அவர் திட்டியிருக்கலாம். இனி வண்டி ஓட்டக் கூடாது, உடனே வந்து படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பழக்கதோஷத்தில் அவர் ஓட்டுநர் கதவுக்கே போய் நின்றார். பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு, "கேட்ட நான் தெறக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சங்கிலியைக் கழற்றினார்.

நான் அவர் இருக்கையில் உட்கார்ந்தேன். குஷன் கடையில் ஏற்றிய முழுக் காற்றும் அப்படியே இருந்தது. ஒரு துளிகூட இறங்கவில்லை. பை என் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளியது, நெஞ்சு ஸ்டீரிங்கில் முட்டியது. பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அது இறங்காமல் இருந்தால் அவர் திரும்பி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போடுவார் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இருந்தது.

அவர் வந்து இடது பக்கம் ஏறினார். கதவைச் சாத்தியவர், நான் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்படியா ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டப் போற?"

"எனக்கு இது போதும். நீங்க வந்து ஓட்டறப்ப அளவு மாறியிருந்தா என்னத்தான் திட்டுவீங்க."

அவர் கைப்பிரேக்குக்குப் பக்கத்தில் கையை நீட்டி, பெருவிரலால் பொத்தானின் கீழ்ப்புறத்தை அழுத்தினார். ஸ்ஸ் என்று காற்று இறங்கியது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. சத்தம் முழுவதும் அடங்கும்வரை அழுத்தியிருந்தார்.

"இனிமே உன் அளவுலயே இருக்கட்டும்" என்றார்.

முதுகு பின்னால் சாய்ந்தது, கால் சரியாக எட்டியது, கண்ணாடியில் தெருவெல்லாம் தெரிந்தது. அந்த இருக்கை எனக்கு அவ்வளவு பாந்தமாக இருந்தது அன்றுதான். அழுதுகொண்டே வண்டியை எடுத்தேன்.