மரச் சின்னம் சைனுதீன்

கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் கோலி சோடா விற்றவர் சைனுதீன் ராவுத்தர். விற்றார் என்று சொல்வது மரியாதைக்காக. விற்ற நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம். லாரிக்காரன் தொண்டை காய்ந்து வந்து நின்றால்கூட, அரசாங்கம் எங்கே தப்புச் செய்கிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் கோலியைத் தட்டுவார். அந்தப் பேச்சைக் கேட்பதற்காக ஒருவரும் வந்ததில்லை. நாற்பத்தைந்து வயதுவரை அவரிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதும் இல்லை.

எழுபத்தொன்பதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அந்த வார்டுக்கு ஒரு பொதுக்கிணறு வருவதாக இருந்தது. அதை எங்கே வெட்டுவது என்பதுதான் தேர்தலே. ஜவுளிக்கடை வைத்திருந்த இன்னொரு சைனுதீன் குடைச் சின்னத்தில் நின்றார். ஜெயித்தால் கிணறு பள்ளிவாசல் சந்தில் என்றார். எதிர்த்து நின்றவர் மாந்தோப்புக்காரர் பெரியமுத்து. அவருக்குக் கிணறு தோப்போரம் வரவேண்டும். கிணறு பொதுவாகத்தான் இருக்கும். அதைச் சுற்றி இருக்கிற மாமரங்களும் வேலியும் வேலியில் இருக்கிற கதவும் மட்டும் அவருடையதாக இருக்கும்.

சந்துப் பெண்களுக்கு இது அரசியலே இல்லை. சோடாக்காரரின் மனைவி ருக்கியா உட்பட எல்லாரும் காலையிலும் மாலையிலும் வரப்பு தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோடையில் பாதிக் குடம் சேறாக இருக்கும். ருக்கியாவுக்கு இடுப்பு வலி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வாசலுக்கு நாலு எட்டில் கிணறு வந்தால் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜவுளிக்காரர் ஜெயித்துவிடுவார் என்று ஊரே பேச ஆரம்பித்ததும் பெரியமுத்துவின் ஆட்கள் யோசித்தார்கள். எதிராளியின் பெயரிலேயே இன்னொரு ஆளைப் பிடித்து நிறுத்துவது கேரளத்தில் தெரிந்த வித்தைதான். பெயர் கிடைத்துவிட்டால் போதும், ஆள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் மத்தியானம் சோடாக்கடை முன்னால் ஜீப் வந்து நின்றது.

"ராவுத்தரே, உங்களாட்ட வெவரம் தெரிஞ்சவங்க நிக்காம வேற ஆருங்க நிக்கறது?"

"நான் நின்னா ஆருங்க ஓட்டுப் போடுவாங்க?" என்று சைனுதீன் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க."

பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு மரச் சின்னம் வாங்கிக் கொடுத்தார்கள். ஓட்டுச் சீட்டின் அச்சில் மை பரவி, மரம் குடை மாதிரியும் குடை மரம் மாதிரியும் நின்றன. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே பெயர். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, 'உங்கள் அன்பு வேட்பாளர் சைனுதீன்' என்று சந்து சந்தாகக் கத்தினார்கள். பிறந்ததிலிருந்து அவர் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. மனுசன் அதில் அப்படியே சொக்கிப்போனார். தன்னை எதற்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

ருக்கியா ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏனுங்க, அந்தச் சைனுதீன் வந்தா சந்துல கெணறு வரும். நீங்க வந்தா என்ன வரும்?"

"ஜனநாயகத்துல ஆரு வேணும்னாலும் நிக்கலாம் புள்ள," என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டு எண்ணினார்கள். ஜவுளிக்காரரும் பெரியமுத்துவும் சரிசமம். திரும்ப எண்ணியும் அதே கணக்கு. நம் சோடாக்காரருக்குப் பதினோரு ஓட்டு. சமமாக வந்தால் சட்டப்படி நறுக்கெடுப்பு, அதாவது சீட்டுக் குலுக்கல். அதிகாரி இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். பியூன் கையை விட்டு ஒன்றை எடுத்தான். பெரியமுத்து ஜெயித்தார். ஒரு வார்டே வெயிலில் வரிசையில் நின்று போட்ட ஓட்டைக் கடைசியில் பிஸ்கட் டப்பா முடிவு செய்தது.

மறுநாள் முதல் சந்து ஆட்கள் சோடா குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எதிரே முட்டைக்கடை வைத்திருந்த மொய்து மட்டும் விசாரிக்க வந்தார்.

"பதினோரு பேருக்குக் கண்ணு சரியில்லீங்க ராவுத்தரே. கூட்டிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில காட்டுங்க. உங்க ஓட்டுக்காரங்கதானுங்களே."

வேறு ஆளாக இருந்தால் ஜவுளிக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லியிருப்பான். சைனுதீன் அந்த வகை இல்லை. தப்புத் தன் மேல் இருக்க முடியாது, அப்படியானால் தேர்தல் முறையில்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வயிற்றெரிச்சலில் எடுத்த முடிவுதான். ஆனால், சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, அந்த முடிவு சரியாக இருந்தது.

கொல்லங்கோட்டிலிருந்து வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு கல்லூரி வாத்தியார் சோடா குடிக்க வந்து மாட்டிக்கொண்டார். எங்கெங்கே எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று பஸ் வருவதற்குள் அவரிடமிருந்து எல்லாவற்றையும் கறந்துவிட்டார் சைனுதீன். அதற்குப் பிறகு கடையில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

கைதூக்கி ஓட்டுப் போடலாமே என்பார் யாராவது. "தோப்புக்காரர் மொகத்தப் பாத்துக்கிட்டு, அவருகிட்டக் கூலி வாங்கறவன் எப்பிடிங்க கையத் தூக்குவான்?" என்பார். முதல் இரண்டு பேருக்கு மட்டும் இன்னொரு நாள் தேர்தல் வைக்கலாமே என்றால், "இன்னொரு நாள் வேலை போகுமே, அந்தக் கூலிய நீங்க குடுப்பீங்களா?" பிடித்தவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு குத்துக் குத்தலாமே என்றால் கொஞ்சம் யோசிப்பார். "அது பரவால்லீங்க. ஆனா ஆரு மேல ஆசை சாஸ்தின்னு அதுல தெரியாதுங்க." பிறகு குரலை உயர்த்துவார். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுத உடோணுமுங்க. மொத ஆளு தேறலீனா அந்த ஓட்டு ரெண்டாவது ஆளுக்குப் போயிரும். ஓட்டு வீணாப் போகாது. நம்ம ராஷ்டிரபதிய எம்.எல்.ஏ.மாரு அப்படித்தானுங்க தேர்ந்தெடுக்கறாங்க. அவங்க கைக்கு ஒண்ணு ரெண்டு எழுதத் தெரியும், நம்ம கைக்குக் குத்த மட்டும்தான் தெரியுமா?"

"எழுத்துத் தெரியாதவங்க என்னங்க பண்ணுவாங்க?" என்று மொய்து கேட்டார்.

"ராத்திரி பூராச் சீட்டாடுற ஊருல நம்பர் தெரியாதவன் ஆருங்க?"

நேரில் காட்டினால்தான் நம்புவார்கள் என்று ஒரு நாள் கடையிலேயே தேர்தல் வைத்தார். இலவச சோடா என்றதும், சந்து மறக்காத கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒன்பது பேர் வந்தார்கள். வெறும் சோடா, இஞ்சி சோடா, எலுமிச்சை பிழிந்த இஞ்சி சோடா என்று மூன்று வேட்பாளர்கள். ஜெயிக்கிற சோடாதான் எல்லாருக்கும். வெறும் சோடாவுக்கு நாலு கை, இஞ்சிக்கு மூன்று, எலுமிச்சை இஞ்சிக்கு இரண்டு.

"பாத்தீங்களா? இஞ்சி வேணுங்கறவங்க அஞ்சு பேரு. ஆனா ஜெயிச்சது வெறும் சோடா. இப்ப எலுமிச்சைக்காரங்க ரெண்டு பேரும் ரெண்டாவதா என்ன கேப்பீங்க? இஞ்சிதானுங்களே? அப்ப இஞ்சிக்கு அஞ்சு. இதுதானுங்க நெசமான ஊர் ஆசை."

ஒன்பது பேருக்கும் விளங்கிவிட்டது. மொய்து மட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "வெறும் சோடா பெரியமுத்து. இஞ்சி ஜவுளிக்காரரு. அப்ப இந்த எலுமிச்சை ஆருங்க?"

சைனுதீன் காலிப் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார். கடையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்கெல்லாம் அசந்துவிடுகிற ஆளா அவர்? கேலி செய்தவர்களிடமும் விளக்கினார். செக்போஸ்ட் காவல்காரரிடமும், பொள்ளாச்சிப் பஸ் கண்டக்டரிடமும், வழி கேட்டு வந்த அயலூர்க்காரரிடமும் ஒண்ணு ரெண்டு மூணுதான். இதற்கிடையில் பெரியமுத்து கிணற்றை வெட்டி முடித்துவிட்டார். பஞ்சாயத்து வேலை அவ்வளவு வேகமாக நடந்து அந்த ஊர் பார்த்ததே இல்லை. தோப்போரக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. தோப்புக்கு நீர் பாய்ச்சி முடித்த பிறகு கதவைத் திறப்பார்கள். சந்துப் பெண்கள் அதுவரை வேலிக்கு வெளியே குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மார்கழியில் ஒரு காலை. வேலியோரம் காத்திருந்துவிட்டு ருக்கியா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அன்று மாங்கன்றுகளுக்கு நீர் விடுகிறார்கள், கதவு மத்தியானம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். சைனுதீன் சாயா குடித்துக்கொண்டே, எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனுக் கொடுப்பது பற்றிச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாரு புள்ள, எனக்குப் போட்ட அந்தப் பதினோரு பேரும் ரெண்டாவது ஆருக்குப் போட்டிருப்பாங்கன்னு நெனைக்கற?"

ருக்கியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பத்துப் பேரு கதை எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தி கதை தெரியும்."

"ஆரு?"

"நாந்தானுங்க."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிய நாளில்கூட அப்படி வரவில்லை. "நீ எனக்கா போட்ட? சொல்லவே இல்லியே!"

"மரத்துக்கும் குடைக்கும் வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க. குடையிலதான் குத்தலாம்னு போனேன். உங்களுக்கு ஒருத்தருமே போட மாட்டாங்க, ஊரு சிரிக்கும், பொண்டாட்டிகூடப் போடலைன்னு பேசுவாங்கன்னு அங்க நிக்கறப்பத்தான் மனசு கேக்கல. மரத்துல குத்திட்டேன்." அவள் குடத்தைத் தரையில் வைத்தாள். "நீங்க சொல்லறாப்புல ஒண்ணு, ரெண்டுன்னு எழுத உட்டிருந்தா, உங்க மானத்துக்கு உங்களுக்கு ஒண்ணு போட்டிருப்பேன். தண்ணிக்கு அவருக்கு ரெண்டு போட்டிருப்பேன். எனக்குக் குடுத்தது ஒரே குத்து. நான் என்னங்க பண்ணட்டும்?"

சைனுதீன் கணக்குப் போட்டார். போட வேண்டிய கணக்கே இல்லை. சமமாக நின்ற இடத்தில் ஒரு ஓட்டு. பிஸ்கட் டப்பாவுக்கு வேலையே இருந்திருக்காது. சந்தில், இதோ இந்த வாசலிலிருந்து நாலு எட்டில், கிணறு இருந்திருக்கும்.

தேர்தல் முறையை மாற்றவேண்டும் என்று நாடெங்கும் பேசுகிறவர்கள் யாருக்கும் இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்காது. நாலே வார்த்தையில், எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்குகிற சாட்சி. அதை வெளியே சொல்ல ஒரே ஒரு தடைதான் இருந்தது. பெண்டாட்டி தனக்குப் போட்டதே பரிதாபப்பட்டுத்தான் என்பதை முதலில் சொல்லவேண்டும். சைனுதீனுக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். ருக்கியா தடுத்தும் கேட்கவில்லை. முட்டைக்கடையிலிருந்து மொய்து பார்த்துவிட்டார்.

"என்னங்க ராவுத்தரே, ஒண்ணு ரெண்டு மூணெல்லாம் என்னாச்சுங்க?"

"கதவு தொறக்கற நேரமுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய், வேலிக்கு வெளியே பெண்களுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தார்.